நாற்பத்தொரு பிழைகள்

இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கட்டடத்திலேயே ஒருவன் வழி தவறிவிட்டான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தக் கட்டடத்தின் வரைபடத்தை வரைந்தவனே அவன்தான் என்றால் கேட்கவே வேண்டாம். நன்றாகச் சிரித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சொல்கிறேன்.

என் பெயர் அருமைநாயகம். மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் கட்டடப் பொறியாளர். மருத்துவமனையின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். மூன்று வெவ்வேறு காலத்தில் கட்டிய மூன்று கட்டடங்களை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கிய இடம் அது. ஒன்றின் இரண்டாம் மாடி இன்னொன்றின் மூன்றாம் மாடியில் போய் முட்டும். புதிதாக வேலைக்கு வந்த நர்சுகள் முதல் மாதம் அழாத குறையாகச் சுற்றுவார்கள்.

அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன் 'துணை' வந்தது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி. காதில் செருகிக்கொண்டால், "நேரே போங்கள், பிறகு வலது" என்று வழி சொல்லும். நாம் பேசுவதையும் கேட்கும், நம் காலடியையும் கேட்கும். தயங்கி நின்றால் மறுபடி பொறுமையாகச் சொல்லும், ஓடினால் ஒரே வார்த்தையில் சொல்லும். ஊழியர் எண்ணூறு பேரும் அது சொன்ன பக்கமே நடந்தோம். அடுத்த வருடம் ஸ்ட்ரெச்சர்களுக்கும் மோட்டார் வைத்து அவற்றையும் துணையிடம் ஒப்படைத்தார்கள். தள்ளுவதற்கு ஆள் வேண்டாம். நோயாளியைப் படுக்க வைத்துப் போக வேண்டிய இடத்தைச் சொன்னால், வண்டி தானாகப் போய்ச் சேரும்.

எனக்கு அதில் ஒரு விஷயம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. துணைக்கு வழி கற்றுக்கொடுத்தது என் வரைபடத்தை வைத்து அல்ல. அதை நம்ப முடியாதாம்! ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஊழியர்கள் நான்கு பேரின் செருப்பில் ஒரு கருவியை வைத்துத் தைத்து, இரண்டு வருடம் அவர்கள் நடந்த நடையை எல்லாம் அதற்கு ஊட்டினார்கள். மூன்று பேர் பாதியில் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். முழுதாக மிஞ்சியது ஒரே ஒருவரின் நடை. கோப்பில் 'பணியாளர் எண் 4' என்று மட்டும் இருந்தது. ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. நானும் விசாரிக்கவில்லை.

விசாரிக்காவிட்டாலும் அந்த நான்காம் நம்பர் மேல் எனக்குத் தீராத எரிச்சல். ஆள் சரியான சுத்துப்பேர்வழி. இரண்டு நிமிடத்தில் போகிற இடத்துக்கு நான்கு நிமிடம் எடுத்திருக்கிறார். நடு வழியில் காரணமில்லாமல் நின்றிருக்கிறார். அந்தச் சோம்பேறித்தனத்தை எல்லாம் துணை அப்படியே கற்றுக்கொண்டு இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது.

நான் இதைக் கண்டுபிடித்தது என் சொந்த வழியில்தான். மூன்றாம் மாடிக் கடைசியில் கட்டுப்பாட்டு அறை, அதுதான் என் அறையும். அங்கிருந்து லிஃப்ட் பக்கம் போகவும், அதையொட்டி இருக்கும் கேன்டீனுக்குப் போகவும் நேர் வழி உண்டு, நாற்பது மீட்டர். என் மனைவி ரோஸ்லின் போன பிறகு மூன்று வேளையும் எனக்குக் கேன்டீன்தான் கதி. ஆனால் நான்கு வருடமாகத் துணை என்னைப் பின்பக்க வராந்தா வழியாகத் தொண்ணூறு மீட்டர் சுற்ற வைத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைப் பிழை எண் ஒன்று என்று எழுதினேன். பிறகு தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. ஏழு மாதத்தில் நாற்பத்தொரு பிழைகள்.

நிர்வாக அதிகாரி வைதேகி மேடம் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நாப்பது நிமிஷம் வீணாப் போயிட்டிருந்திருக்கா! உடனே சரி பண்ணிடுங்க சார்" என்றார். சரி செய்தேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தொரு திருத்தங்களும் தானாக ஏறிவிடும்படி அமைத்துக் கைரேகையும் வைத்தேன். ஏறிவிட்டால் பழைய நடை அழிந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது. அதற்கு முன் நிறுத்த வேண்டுமானால் என் அறையில், அந்தத் திரையில், நானே விரல் வைத்தால்தான் உண்டு. நிறுத்துவதாவது! பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் லட்டு சொல்லியிருந்தேன்.

வியாழன் காலை பத்தே காலுக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். நாற்பத்தொன்றாவது பிழை மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்த காலி ஸ்ட்ரெச்சர்கள் தம் இடத்துக்குத் திரும்பாமல், தரைத்தளத்தின் கிழக்குக் கோடியில் ஒரு இரும்புக் கதவு முன்னால் போய் நிற்கும். அரை நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பும். அந்தக் கதவுக்குப் பின்னால் என்னதான் இருக்கிறது? அங்கே கீழே இருக்கும் அடித்தளத்தை என் வரைபடத்தில் ஒரே ஒரு கட்டமாகப் போட்டு, நடுவில் 'கிடங்கு' என்று எழுதியிருந்தேன். உண்மையைச் சொன்னால், நான் அங்கே இறங்கியதே இல்லை. பழைய கான்ட்ராக்டர் வாயால் சொன்னதை வைத்து வரைந்தது அது.

போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே படிகள் இறங்கின. கடைசிப் படியில் கால் வைக்கும்போது துணை, "நேரே" என்று ஆரம்பித்து அப்படியே ஊமையாகிவிட்டது. மேலே கதவு தடாலென்று சாத்திக்கொண்டது. ஓடி ஏறிப் போய்ப் பார்த்தால் உள்பக்கம் கைப்பிடியே இல்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை.

சரி, ஒரு கிடங்குதானே, இன்னொரு பக்கம் வழி இல்லாமலா போகும் என்று நடந்தேன். நான் போட்ட ஒரே கட்டத்துக்குள் எத்தனை சந்துகள் என்கிறீர்கள்! துருப்பிடித்த கட்டில்கள் கூரைவரை அடுக்கிய ஒரு சந்து. நீல ஓடு பதித்து, நடுவே காய்ந்துபோன கைகழுவும் தொட்டி வைத்த ஒரு சந்து. ஒரு கதவைத் திறந்தால் சுவர்தான் இருந்தது. எங்கேயோ இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஒரு முனையில் ஆளுயர எடை பார்க்கும் மெஷின் ஒன்று நின்றது. சும்மா ஏறிப் பார்த்தேன். அறுபத்திரண்டு கிலோ காட்டியது. என் எடை எண்பத்து நான்கு. இறங்கினேன், அப்போதும் அறுபத்திரண்டுதான். பொறியாளன் அல்லவா, முறைப்படி போவோம் என்று இடது கையைச் சுவரில் வைத்து, எடுக்காமலே நடந்தேன். கால் மணி நேரம் கழித்து அதே எடை மெஷினிடம் வந்து சேர்ந்தேன். வலது கையை வைத்து நடந்தேன். மறுபடியும் அறுபத்திரண்டு கிலோ.

முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். யாராவது கேட்டு வந்துவிட்டால் மானம் போகுமே என்ற பயம். பிறகு மானத்தை விட்டுவிட்டுக் கத்தினேன். மூன்றாவது தடவையும் எடை மெஷினிடமே வந்து சேர்ந்தேன். இந்தக் காதுப் பொத்தான் இல்லாமல் எனக்கு இடது வலதுகூடத் தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருடத்தில் கடைசி ஆறு வருடம் நான் இந்தக் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

"என்ன சார், எடை பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

திரும்பினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். பச்சைச் சீருடைப் புடவையை இழுத்துச் செருகி, தோளில் வெள்ளை விரிப்புகளின் பெரிய மூட்டை ஒன்றைச் சாய்த்திருந்தாள்.

"இல்லம்மா, ஒரு பரிசோதனை பண்ணிட்டிருக்கேன்" என்றேன்.

"அப்படியா? மூணு வாட்டி நீங்க இங்கிட்டு நடந்த சத்தம் கேட்டுச்சு. எலி புடிக்க வந்த ஆளுன்னு விட்டுட்டேன். பரிசோதனை முடிஞ்சிருச்சா, இன்னும் சுத்தணுமா?"

"முடிஞ்சிருச்சு" என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்ப வாங்க. எனக்கும் மூணாவது மாடிக்குத்தான் துணி ஏத்தணும். என் பேரு பாண்டிச்செல்வி. சலவைப் பிரிவு."

மணி பதினொன்று இருபது. அவள் முன்னால் நடந்தாள். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இந்தச் சந்துல எல்லாம் எப்படிம்மா வழி கண்டுபிடிக்கிற?" என்று கேட்டேன்.

"கண்டுபிடிக்க என்ன சார் இருக்கு? துணி காயப்போடுற மெஷின் சூடு முதுகுல அடிச்சா கெழக்க போறோம். மொகத்துல ஈரக்காத்து பட்டா லிஃப்டுகிட்ட வந்துட்டோம். அஞ்சு வருசமா நடக்கேன்ல. அதுக்கு முன்னாடி மேல இருந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கிட்டிருந்தேன்."

"ஓ."

"வண்டி தானா ஓட ஆரம்பிச்சதும் எங்களக் கலைச்சு விட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் செருப்புல என்னத்தையோ வச்சுத் தச்சாங்க. எத்தன அடி நடக்கீங்கன்னு எண்ணுறதுக்குன்னு சொன்னாங்க. கூட இருந்த மூணு பேரும் ஊரப் பாத்துப் போயிட்டாக. எனக்குப் பிள்ளைக இங்க படிக்குது, நான் எங்க போறது?"

நான் நின்றுவிட்டேன். "உன் நம்பர் என்ன?"

"நாலு. ஏன் சார்?"

ஏழு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த ஆள்! எனக்கு வந்த கோபத்தை மறைக்கத் தெரியவில்லை. "நீதானா அது? ஏம்மா, ஏன் அப்படிச் சுத்திச் சுத்திப் போன? இன்னிக்கு வரைக்கும் எல்லா வண்டியும் உன்ன மாதிரியே சுத்திட்டிருக்கு. துணைக்கு வழி சொல்லிக் குடுத்தது உன் கால்தான், தெரியுமா? நாப்பத்தோரு எடத்துல தப்பு. நான்தான் உக்காந்து எண்ணினேன்."

பாண்டிச்செல்வி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

"நான் நடந்தது தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல சார். எங்க சுத்துனேன்? சொல்லுங்க."

"ஆபரேஷனுக்குப் போறவங்கள ஏன் மருந்துக்கடைப் பக்கமா சுத்திக் கொண்டுபோன? நேர் நடைபாதை எதுக்கு இருக்கு?"

"நேர் நடைபாதையில என்ன இருக்கு, சொல்லுங்க?"

யோசித்தேன். வரைபடத்தில் அங்கே ஒரு சிறிய ஜன்னல் போட்டிருந்தேன்.

"செத்தவங்கள வீட்டாளுககிட்ட ஒப்படைக்கிற ஜன்னல் சார் அது. எந்நேரமும் நாலு பேரு அங்க மார்ல அடிச்சு அழுதுக்கிட்டிருப்பாக. வயித்தக் கிழிக்கப் போறாங்களேன்னு பயந்துபோய்ப் படுத்திருக்க ஆள அந்த வழியாத் தள்ளிட்டுப் போவீங்களா?"

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "சரி, தீக்காய வார்டுக்காரங்கள மட்டும் ஏன் நாலாம் லிஃப்டுல ஏத்துன? ரெண்டாம் லிஃப்ட் பக்கத்துலயேதான இருக்கு?"

"ரெண்டாம் லிஃப்டுல முழுச் சுவத்துக்கும் கண்ணாடி மாட்டி வச்சிருக்காங்க சார். எந்தப் புண்ணியவானோ தெரியல. மொகம் வெந்துபோன பொண்ணு ஒருத்தி, கட்டுப் பிரிச்ச அன்னைக்கு அதுல தன்னப் பாத்துட்டா. அவ போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அதுக்கப்புறம் ஒருத்தரையும் நான் அதுல ஏத்தல."

அந்தப் புண்ணியவான் நான்தான். லிஃப்ட் பார்க்கப் பெரிதாகத் தெரியட்டும் என்று மாட்டினேன். அதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"கடைசியா ஒண்ணு" என்றேன். இப்போது என் குரல் இறங்கியிருந்தது. "மூணாம் மாடித் திருப்பத்துல, தூண்கிட்ட, ஒவ்வொரு தடவையும் ஒம்பது விநாடி நிக்குது. ஒரு நாளைக்கு இருநூறு வண்டி. இருநூறும் நிக்குது. அங்க ஒண்ணுமே இல்லையேம்மா?"

"அங்க ஒண்ணும் இல்ல. திருப்பத்தத் தாண்டுனாதான் இருக்கு. பாக்க வர்ற சனம் அம்புட்டும் அங்கதான் பெஞ்சுல உக்காந்திருக்கும்." அவள் குனிந்து மூட்டையிலிருந்து ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினாள். "படுத்திருக்கவங்களுக்கு மயக்கத்துல துணி வெலகிக் கெடக்கும். பொம்பளைகளுக்குச் சொல்லவே வேணாம். தூண்கிட்ட நிறுத்தி, கால் வரைக்கும் இழுத்து மூடி, தலைமுடிய ஒதுக்கி, வாய் ஓரத்தத் தொடச்சுட்டுத்தான் திரும்புவேன். நம்ம வீட்டு ஆளா இருந்தா அப்படிச் செய்யமாட்டமா சார்?"

ஏழு மாதம், இரவு பகலாகக் கணக்குப் போட்டேனே. இந்த ஒரு கேள்வியை ஏன் ஒருவரிடமும் கேட்கவில்லை? படித்தவன் என்ற திமிர்தான். அந்தச் சந்தில் அவள் முன்னால் நிற்கவே கூசியது.

"அவசரக் கேஸ் வந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவசரம்னா எதையும் பாக்காம ஓடுவேன் சார். அப்ப அழுக என்ன, துணி என்ன? உசுருதான்."

உண்மைதான். என் அறிக்கையில் இருந்த நாற்பத்தொரு பிழைகளில் ஒன்றுகூட அவசர நேரத்தில் நடந்ததல்ல. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"காலி வண்டிங்க எல்லாம் கெழக்குக் கதவுகிட்ட வந்து நிக்குது" என்றேன்.

"அழுக்குத் துணிய அங்கதான போடுவேன். புது விரிப்பும் அங்கதான் வாங்குவேன். ஆமா, மேல சக்கரம் வந்து நிக்கிற சத்தம் தெனமும் கேக்கும். ஏன் வருதுன்னு நெனைப்பேன்." அவள் ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள். "சார், அப்ப அந்தத் தூண்கிட்டயும் வண்டி இன்னமும் நிக்குதா?"

"நிக்குது."

"மூடிவிட யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"ஒருத்தரும் இல்லாம சும்மா நிக்குதா?"

"ஒம்பது விநாடி சும்மா நின்னுட்டுப் போயிடுது."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஐந்து வருடமாக, ஒரு நாளைக்கு இருநூறு தடவை, கை இல்லாத அந்த வண்டி அவளுடைய கைக்காகக் காத்து நின்றிருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம்.

மணி பதினொன்று முப்பத்தெட்டு. பன்னிரண்டு மணிக்கு நடக்கப்போவதை அவளிடம் சொன்னேன். நாற்பத்தொன்றும் அழிந்துவிடும், அவள் நடந்த தடமே துணையில் இருக்காது, திரும்ப எடுக்கவும் முடியாது என்றேன்.

"அழிக்கிறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நிறுத்துறதும் நீங்கதான? நின்னு பேசிக்கிட்டிருக்கீங்களே, நடங்க சார்!" என்று மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டாள். அந்த எடையோடு அவள் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன்.

ஈரக்காற்று முகத்தில் பட்டது. நாலாம் லிஃப்ட் வந்துவிட்டது. அது மெதுவாகத்தான் ஏறும். ஏறும்போது எனக்கு அந்த முதல் பிழை ஞாபகம் வந்தது. கேட்டதற்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது, இதையும் கேட்டுவிடுவோம் என்று தோன்றியது.

"பாண்டிச்செல்வி, மூணாம் மாடியில லிஃப்ட் பக்கமிருந்து என் ரூமுக்கு நேர் வழி இருக்கு. நீங்க ஏன் பின் வராந்தா வழியாப் போனீங்க?" நீங்கள் என்று எப்போது சொல்ல ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "பின் வராந்தாவா? அங்க மூணு படி இருக்கே சார். ஸ்ட்ரெச்சர் எப்படி எறங்கும்? அந்தப் பக்கம் நான் போனதே இல்ல."

"இல்லையே, துணை என்ன தெனமும் அப்படித்தான் கூட்டிட்டுப் போகுது."

"மத்தவங்களையுமா?"

இல்லை. என் உதவியாளன் நேர் வழியில்தான் வருவான். அவன் ஒழுங்காகத் துணையைக் கேட்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"அப்ப அது என் நடை இல்ல சார்" என்றாள் அவள். "அதுவா உங்களுக்காகக் கண்டுபிடிச்சிருக்கு. எத்தன மீட்டர்னு பாக்காதீங்க. எதக் கடக்காமப் போகுதுன்னு பாருங்க. நேர் வழியில என்ன இருக்கு?"

நேர் வழியில் இருப்பது ஆறாம் வார்டு. நான்கு வருடத்துக்கு முன் ரோஸ்லின் அங்கே இருபத்து மூன்று நாள் படுத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டில். இருபத்து நான்காம் நாள் காலை நான் கேன்டீனிலிருந்து அவளுக்கு வெந்நீர் வாங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து பத்தாம் நாளே வேலைக்கு வந்துவிட்டேன். தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் என் கால் எப்படித் தடுமாறியிருக்கும்! அதை நான் கவனிக்கவில்லை, காதிலிருந்த பொத்தான் கேட்டிருக்கிறது. நான்கைந்து நாள் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், என்னை வேறு வழியில் திருப்பிவிட்டிருக்கிறது. இப்படிச் செய்ய அதற்கு யாரும் தனியாகக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. இரண்டு வருடம் பாண்டிச்செல்வியின் காலோடு நடந்ததில் வழியோடு சேர்த்து அவள் மனதையும் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

அதைத்தான் நான் பிழை எண் ஒன்று என்று எழுதிவைத்திருந்தேன்.

"என் வீட்டம்மா அங்கதான்..." என்று ஆரம்பித்தேன். பாண்டிச்செல்வி மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கதவு திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. பார்வையாளர் நேரம். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர் அப்போதுதான் வந்து நின்றது. அதில் கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி, ஆபரேஷன் முடிந்த மயக்கத்தில் இருந்தாள். விரிப்பு முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது.

பாண்டிச்செல்வி மூட்டையைக் கீழே போட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் அந்தப் பெண்ணிடம் இருந்தாள். விரிப்பைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டாள். ஓரத்தை இரண்டு பக்கமும் செருகினாள். நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். முந்தானையால் வாயோரம் துடைத்தாள். கையை எடுத்தாள், வண்டி கிளம்பியது. ஒன்பது விநாடி. ஒரு நொடி கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்படி அழகாக ஒரு வேலை நடந்து இந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததில்லை. வண்டி கூட்டத்துக்குள் திரும்பியது. பெஞ்சில் இருந்தவர்கள் ஏறிட்டுப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை, நன்றாகப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் தூங்கினாள், அவ்வளவுதான்.

"அடுத்த வண்டி வருது" என்றாள் அவள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "நான் இங்கயே நிக்கேன். நீங்க போங்க சார், நேரமாச்சு."

இனி அந்தத் தூணருகே அவளுக்கு ஒரு நாற்காலி போட வேண்டும், அவளையே அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். வைதேகி மேடம் சம்மதிக்கும்வரை அவர் அறையை விட்டு நகர்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு ஓடினேன்.

லிஃப்ட் நடைபாதை முடியும் இடத்தில் துணை வழக்கம்போல், "இடது பக்கம் திரும்புங்கள்" என்றது. இடது பக்கம் பின் வராந்தா. மூன்று படி, தொண்ணூறு மீட்டர். வியர்த்து, மூச்சிரைத்து, ஐம்பத்து நான்கு வயதுக் காலோடு நான் அதைச் சுற்றி முடிப்பதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

"வேண்டாம்" என்றேன் சத்தமாக. "நேர் வழியிலயே போறேன்."

துணை பதில் சொல்லவில்லை.

கெட்டுவிட்டதோ என்று காதைத் தட்டினேன். சத்தமே இல்லை. நேரம் ஆகிறதே என்று பல்லைக் கடித்தேன். போ என்று அது சொல்லாமல் நடக்க என் காலுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு அடி எடுத்து வைக்கப் போனேன், அப்போதுதான் புரிந்தது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

குனிந்து பார்த்தேன். சட்டை ஒரு பக்கம் வெளியே தொங்கியது. அடித்தளத்துத் தூசி கைகளில் அப்பியிருந்தது. முகம் நனைந்திருந்தது, வியர்வை மட்டுமல்ல. சட்டையை உள்ளே விட்டேன். கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். தலையைக் கையால் படிய வாரிக்கொண்டேன்.

ஒன்பதாவது விநாடி முடிந்ததும் காதில் அந்தக் குரல் மெதுவாகச் சொன்னது.

"நேரே போங்கள்."

ஆறாம் வார்டின் கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் யாரோ ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்று பார்த்துவிட்டு நடந்தேன். திரையில் விரல் வைக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.